திமிங்கிலம் பறந்து வராது

திருகோணமலை உப்புவெளியில படகு வச்சு வெளிநாட்டுக்காரருக்கு திமிங்கிலம் காட்டுற ஒரு அண்ணைக்கு போன கிழமை லோகோ அனிமேஷன் ஒண்டு செய்து குடுத்தன். அஞ்சு செக்கன் வீடியோ, செக்கனுக்கு 25 ஃபிரேம், அதாவது 25 படம், கணக்கில பார்த்தா 125 ஃபிரேம், அவ்வளவுதான். அதுக்கு எனக்கு மூண்டு இரவு போச்சு. அதில ரெண்டு இரவு முழுக்க நான் விட்ட பிழையாலதான் போனது.

லோகோ பெரிய சாமானில்ல. ஒரு சூரியன், ஒரு திமிங்கில வால், கீழ மூண்டு அலை, அதுக்கும் கீழ பேர். மொத்தம் ஆறு துண்டு. "எல்லாம் ஒவ்வொரு பக்கத்தால பறந்து வந்து டக்கெண்டு ஒட்டோணும் தம்பி, டிவியில வாற மாதிரி" எண்டு சொன்னார். நானும் சரியெண்டு தலையாட்டிட்டு வந்திட்டன்.

முதல் இரவு ஃபைலோட மாரடிச்சதிலயே போச்சு. லோகோ கீறின ஆள் இல்லஸ்ட்ரேட்டர் எண்ட படம் கீறுற சொஃப்ட்வெயர்ல எல்லாத்தையும் ஒரே லேயருக்குள்ள, ஒரே அடுக்குக்குள்ள, போட்டு வச்சிருந்தார், அத அப்பிடியே, அசைவு செய்யிற சொஃப்ட்வெயரான ஆப்டர் எஃபெக்ட்ஸுக்குள்ள கொண்டு வந்தா ஒரே படமாத்தான் வரும், பிரிச்சு அசைக்க ஏலாது. 'ரிலீஸ் டு லேயர்ஸ்' குடுத்தா துண்டு துண்டாப் பிரியும், ஆனா பிரிஞ்சதெல்லாம் பழைய லேயருக்குள்ளயே பிள்ளை மாதிரி கிடக்கும், அதுகளை இழுத்து வெளிய போடோணும். இன்னொண்டுக்குள்ள இல்லாம வெளிய இருக்கிற லேயர்களை மட்டும்தான் ஆப்டர் எஃபெக்ட்ஸ் தனித்தனியாக் கணக்கெடுக்கும். இம்போர்ட் பண்ணேக்க 'ரிட்டெய்ன் லேயர் சைஸஸ்' எண்டிருக்கிறதத் தெரிவு செய்யோணும், இல்லாட்டி ஒவ்வொரு துண்டுக்கும் ஆங்கர் பாயின்ட், அதாவது அது சுழலுற மையம், முழுப் படத்துக்கும் நடுவில போய் நிக்கும், வாலைச் சுழட்டினா வால் சுழலாது, ராட்டினம் மாதிரி லோகோவச் சுத்தி வரும். எனக்கு வந்தது. ஆப்டர் எஃபெக்ட்ஸ் 1993ல வந்த சொஃப்ட்வெயர், என்னை விட மூத்தது, அதாலதானோ என்னவோ தன்ர பழக்கத்துக்கு நான்தான் வளையோணும் எண்டு நிக்குது.

சரி, பெரிய பிழைக்கு வாறன். நான் எல்லாத் துண்டையும் முதல்ல வெளிய எறிஞ்சு, அங்க கீஃப்ரேம், அதாவது இந்த நேரத்தில இது இங்க நிக்கோணும் எண்ட குறி, போட்டு, பிறகு ரெண்டாவது செக்கனுக்குப் போய் ஒவ்வொண்டாக் கையால இழுத்து இடத்தில வச்சன். கண்ணுக்கு சரியாத்தான் இருந்தது. விடிய ஃபோனை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனன், அண்ணை படகுக்கு நீலக்கோடு அடிச்சுக்கொண்டு நிண்டவர், பெயின்ட் கையோட எட்டிப் பார்த்தார், ஒருதரம்தான் பார்த்தார்.

"நடு அலை இறங்கிட்டுது."

"இல்லை அண்ணை, அது அசையுறதால அப்பிடித் தெரியுது."

"நிண்ட பிறகும் இறங்கித்தான் நிக்குது."

வீட்ட வந்து பெருசாக்கிப் பார்த்தன். ரெண்டு பிக்ஸல்! நூல் பிடிச்சு படகுக்குக் கோடு போடுற மனுசனுக்கு முன்னால நான் வாய் காட்டியிருக்கக் கூடாது.

உண்மையில இதுக்கு வழி லேசு. ஃபைல் உள்ள வரேக்கயே எல்லாத் துண்டும் சரியான இடத்திலதான் நிக்கும். ஒண்டையும் தொடாம முதல்ல ரெண்டாவது செக்கனுக்குப் போய், பொசிஷன், ரொட்டேஷன், ஸ்கேல் எல்லாத்துக்கும் அங்கயே கீஃப்ரேம் போட்டிடோணும், பிறகுதான் தொடக்கத்துக்கு வந்து கலைக்கோணும். முடிவ நாங்க தொடவே இல்லை எண்டா அதில பிழை வர இடமில்லைத்தானே. லோகோ கூடுறத செய்யேக்க கழட்டித்தான் செய்யோணும் எண்டு பலர் சொல்லிக் கேட்டிருக்கிறன், கேட்டும் செய்யேல்ல.

ரெண்டாவது இரவு ஓட்டத்தைப் பிடிக்கப் போச்சு. எஃப்9 அமத்தினா ஈஸி ஈஸ், மெல்லத் தொடங்கி மெல்ல நிக்கிற ஓட்டம், வந்திடும், ஆனா ஆறு துண்டும் ஒரே சீராப் போய் ஒரே நேரத்தில நிண்டா ட்ரில் பண்ணுற மாதிரி இருக்கும். இங்க சல்லி எண்ட ஊர்ப் பக்கம் கரைவலை இழுக்கிறதப் பார்த்திருப்பியள், ரெண்டு பக்கக் கயிறையும் ரெண்டு கூட்டமாப் பிடிச்சு தூரத் தூர நிண்டு தொடங்குவாங்கள், இழுக்க இழுக்க ரெண்டு கூட்டமும் கிட்டக் கிட்ட வரும், மடி கரையேறேக்க எல்லாரும் ஓரிடத்தில நிப்பாங்கள். மூண்டு அலைக்கும் அத மனசில வச்சுத்தான் செய்தன். ஒண்டு இடத்தால, ஒண்டு வலத்தால, நடு அலை கடைசியா. மூண்டு மூண்டு ஃபிரேம் தள்ளி விட்டன், வேகத்தைக் கோடாக் காட்டுற கிராஃப் எடிட்டர்ல முடிவுப் பக்கக் கைப்பிடிய நல்லா இழுத்து விட்டன், வேகமா வந்து மெல்லமா அடங்குற மாதிரி. சூரியனை மேலயிருந்து விழுத்தேல்ல, எங்கட கரையில சூரியன் கடலுக்குள்ளால எல்லோ வாறது, அலைக்குப் பின்னாலயிருந்து ஏத்தினன்.

வால்தான் சண்டை. அது வலப்பக்கத்தால பறந்து வந்து, கொஞ்சம் தாண்டிப் போய், திரும்பி ஆடி நிக்கிற மாதிரி செய்திருந்தன், எனக்கு அதில ஒரு பெருமையும் இருந்தது. ரெண்டாந்தரம் காட்டேக்க அண்ணை சிரிச்சார். நான் முந்திக்கொண்டு "திமிங்கிலம் பறந்து வராதுதான் அண்ணை, நீங்கதானே டிவி மாதிரி கேட்டனீங்க" எண்டன்.

"அது இல்லடா தம்பி, வால் மேல வருதெண்டா அது கீழ போகப் போகுதெண்டு அர்த்தம். முதல்ல முதுகு வரும், வளையும், பிறகுதான் வால். ஆறுதலா வரும். தண்ணி வடியும். இப்பிடித் துள்ளாது."

மார்ச் தொடக்கம் ஆகஸ்ட் வரைக்கும் கடலுக்குள்ள நிக்கிற ஆள் சொல்லுறார், நான் கோணேசர் கோயில் மலையில நிண்டு தூரத்தில தண்ணி பீச்சுறத மட்டும்தான் பார்த்தனான். அந்த ஆட்டத்தை அழிச்சன். வால்ர ஆங்கர் பாயின்ட அடிக்குக் கொண்டு வந்து, அலைக்குக் கீழயிருந்து மெல்ல நிமிருற மாதிரி மாத்தினன். தண்ணிக்குக் கீழ இருக்கிற பகுதிய மறைக்க முதல்ல வால் லேயரிலயே மாஸ்க், ஒரு மறைப்பு, போட்டன், வால் ஏறேக்க மாஸ்க்கும் சேர்ந்து ஏறுது, வேலைக்காகேல்ல. தனியா ஒரு பெட்டி கீறி அத ட்ராக் மேட்டா, பெட்டிக்குள்ள வாற வால் மட்டும் தெரியுற மாதிரி, வச்ச பிறகுதான் சரி வந்தது. மூண்டாவது இரவு அதோட முடிஞ்சுது. முழு லோகோவும் ரெண்டரை செக்கனுக்குள்ள கூடி, மிச்ச ரெண்டரை செக்கனும் ஆடாம அசையாம நிக்குது. வாசிக்க நேரம் குடுக்கோணும்.

அண்ணை பார்த்தார், நாலஞ்சுதரம் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார், ஒண்டும் சொல்லேல்ல, காசைத் தந்தார்.

நேற்று ஃபோன். வீடியோ முடிவுக்கும் ஒண்டு வேணுமாம், எல்லாம் கழண்டு வால் தண்ணிக்குள்ள போற மாதிரி. செய்யலாம் அண்ணை எண்டு விலை சொன்னன்.

"அதுக்கும் காசா? பின்னால ஓட்டுறதுதானே தம்பி?"

உண்மைதான், கீபோர்ட்ல கொன்ட்ரோல் ஓல்ட் ஆர், ஒரே அமத்து, பின்னால ஓடும். இத வாசிக்கிறவை ஒருத்தரும் அவருக்குச் சொல்லிப் போடாதீங்க.