மணற்காட்டு ஓணானும் அதன் பின்னங்காலும்

பருத்தித்துறையிலிருந்து வல்லிபுர ஆழ்வார் கோயிலைத் தாண்டிப் போனால் மணற்காடு. சவுக்கு மரங்கள், மணலில் புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் தேவாலயச் சுவர்கள், அதற்கப்பால் மணல் மேடுகள். பலரும் பாலைவனம் என்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆனாலும் மத்தியானத்தில் அந்த மணலில் வெறுங்காலோடு நிற்க ஏலாது.

அந்தச் சூட்டில்தான் அது ஓடியது. ஒரு இராவணன் மீசைப் புதரிலிருந்து அடுத்ததற்கு, முன்கால்களைத் தூக்கி, பின்னங்கால் இரண்டிலும் நிமிர்ந்து ஒரே பாய்ச்சல்! மணலில் படுத்துக்கொண்டு, கிடைத்த மட்டும் படம் எடுத்தேன். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஐயா ஒருவர், "தம்பி, உது ஓணான்தானே, உதை ஏன் படம் பிடிக்கிறீர்?" என்றார். "எங்கட வளவு ஓணான் மாதிரி இல்லையே ஐயா" என்றேன். "ஓம், உது மரத்தில ஏறாது. மணலோடதான் சீவியம்" என்றார். எனக்குக் கிடைத்த முதல் துப்பு அதுதான்.

இரவு படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மணல் நிறம், முதுகு நெடுக மண்ணிறச் சாய்சதுரங்கள், உடலைவிட நீண்ட வால். நிறத்தை மட்டும் நம்பி ஓணானுக்குப் பெயர் வைக்கக்கூடாது. அது வெயிலுக்கும் வயதுக்கும் மாறும். விசிறித்தொண்டை ஓணானாக இருக்குமோ என்று நினைத்தேன். ஆனால் ஆண்தான் தொண்டைத் தோலை விசிறியாக விரிக்கும், என் படத்தில் விசிறி இல்லை. பெண்ணாக இருக்கலாம், விசிறியை மடித்துவைத்திருக்கும் ஆணாகவும் இருக்கலாம்.

அப்புறம் ஒரு படத்தில் பின்பாதம் தெளிவாகக் கிடைத்தது. மணலில் பரப்பிய விரல்கள், ஒன்று மற்றவற்றைவிட நன்றாக நீண்டது. எண்ணினேன்: நான்கு. இலங்கையின் மற்ற ஓணான்களுக்கெல்லாம் பின்காலில் ஐந்து விரல். நான்கு என்றால் விசிறித்தொண்டை ஓணான்களின் பேரினமான சிட்டானாதான், சந்தேகமே இல்லை.

புதுச்சேரியிலிருந்து கிடைத்ததை வைத்து 1829இல் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே சூட்டிய பெயர்தான், சிட்டானா பொண்டிசெரியானா, நம் நாட்டு ஓணானுக்கும் நெடுங்காலம் வழங்கியது. 2015இல்தான் இலங்கையில் உள்ளவை வேறு, அவையும் இரண்டு இனம் என்று விவரித்தார்கள். தென்கிழக்கில் சிட்டானா பகிரி, நம் வடக்கில் சிட்டானா தேவகாய். ஆகவே படத்தோடு எடுத்த இடத்தையும் குறித்துவைப்பது அவ்வளவு முக்கியம்.

மணற்காட்டுக்குப் போகிறவர்கள் அதைத் துரத்தாமல், எட்ட நின்று, பக்கவாட்டில் பின்பாதம் தெரிய ஒரு படம் எடுங்கள். முகம் அழகுதான், ஆனால் சிட்டானா என்று சொல்வது பாதம்.