சாக்ஸில் தைத்த பெயர்

காலையில் மகளின் புது சாக்ஸில் பெயர் தைத்துக்கொண்டிருந்தபோது எவரெஸ்டில் தொலைந்துபோன பிரிட்டிஷ் மலையேறி சாண்டி இர்வின் ஞாபகம் வந்துவிட்டது.

2024 செப்டம்பரில், எவரெஸ்டின் வடபக்கம் ரோங்புக் பனியாற்றில் ஒரு பழைய பூட்ஸ் கிடைத்தது. உள்ளே ஒரு பாதம். சாக்ஸில் தைத்திருந்த சின்னத் துணிப்பட்டையில் சிவப்பு எழுத்தில் 'ஏ.சி. இர்வின்'. சாண்டியின் முழுப்பெயர் ஆண்ட்ரூ காமின் இர்வின்.

நூறு வருடப் பனியிலும் அந்தத் தையல் பிரியவில்லை.

1924 ஜூன் 8 அன்று சக மலையேறி ஜார்ஜ் மல்லோரியோடு எவரெஸ்ட் உச்சியை நோக்கிப் போய்த் திரும்பாதவன். வயது 22.

என்ன பையன் அவன்! பதினேழு வயதில் வேல்ஸ் மலையொன்றின் மேல் மோட்டார் சைக்கிளை ஏற்றியவன். ஆக்ஸ்போர்டுக்காகப் படகுப் போட்டியில் துடுப்பு வலித்தான். ஆர்க்டிக்கின் ஸ்பிட்ஸ்பெர்கன் வரை போனான். ஆல்ப்ஸில் பனிச்சறுக்கு பழகினான்.

மலையேற்ற அனுபவம் என்று பார்த்தால் குறைவுதான். ஆனால் எந்த இயந்திரமும் அவன் கைக்குப் பணியும். அடிக்கடி மக்கர் செய்த ஆக்சிஜன் கருவிகளைப் பிரித்து, எடை குறைத்து, திரும்பப் பொருத்திக்கொண்டே இருந்தான். மல்லோரி கடைசி ஏற்றத்துக்கு அவனைத் துணையாக எடுத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இருவரும் உச்சியைத் தொட்டார்களா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். மல்லோரியின் உடல் 1999இல் கிடைத்தது. உச்சியில் படம் எடுத்திருந்தால் சாட்சி சொல்லக்கூடிய அவர்களுடைய கேமரா கிடைக்கவில்லை. சரி, அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

வெயிலிலும் குளிர்காற்றிலும் முகம் வெந்து தோலுரிந்திருந்தும், கூடாரத்தில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்கான கருவியைச் சரிசெய்துகொண்டிருந்த அந்தப் பையன்மேல்தான் எனக்கு அத்தனை பிரியம்.