விலங்கியல் முடித்துத் தீவன ஆய்வகத்துக்கு வந்தேன்

பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருஷத்தில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர ஆசைப்பட்டு, கட்-ஆஃப் எட்டாததால் கோவையில் விலங்கியல் சேர்ந்தவள் நான். வீடு பல்லடம் பக்கம். அப்பா கம்பெனிக்குக் கறிக்கோழி வளர்க்கிறார். ஊரில் எல்லோருக்கும் நான் "மாட்டு டாக்டருக்குப் படிக்கிற அம்மிணி". இல்லை என்று சொன்னால், "அப்புறம் என்னத்துக்குத்தான் படிக்கிற?" என்பார்கள். மூன்றாம் வருஷம் வரை அதற்கு என்னிடம் பதில் இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொண்டேன். 1984ஆம் வருஷத்து இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்றவர்தான் கால்நடை மருத்துவராகத் தொழில் செய்யலாம். அதற்கு ஐந்தரை வருஷப் படிப்பு வேண்டும். விலங்கியல் பட்டத்தோடு அங்கே நுழையப் பக்கவழி கிடையாது. அந்த ஆசையை ஒதுக்கி வைத்த பிறகுதான் மற்றதைப் பார்க்க முடிந்தது.

பி.எட். முடித்து ஆசிரியர் தேர்வு எழுதுவது ஒரு வழி. எம்.எஸ்சி. முடித்து, கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வான நெட் எழுதுவது இன்னொன்று. இரண்டும் நல்ல வழிகள்தான், ஆனால் வருஷக்கணக்காகக் காத்திருக்க எங்கள் வீட்டில் வசதி இல்லை. கறிக்கோழி கம்பெனி சூப்பர்வைசர் வேலையும் இருந்தது. எங்கள் பண்ணைக்கு வருகிற சூப்பர்வைசர் அண்ணனிடம் கேட்டு, விடுமுறையில் சில பண்ணைகளுக்கு அவருடனே போய்வந்தேன். குஞ்சு இறக்கிய முதல் வாரம் சூடு பார்ப்பது, வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான லசோட்டா தடுப்பு மருந்து, இறப்புக் கணக்கு, ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு தீவனம் போனது என்ற கணக்கு எல்லாம் அவர் பொறுப்பு. கோழி செத்தால் இரவானாலும் போன் வரும். வேலை எனக்குப் பிடித்தது. தினமும் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டுவதுதான் என் உடம்புக்கு ஆகவில்லை.

அப்போது ஒரு விஷயம் மனதைக் குடைந்தது. எங்கள் கொட்டகையில் சில பேட்ச் எடையே ஏறாமல் நின்றிருக்கிறது. கம்பெனி தரும் வளர்ப்புக் கூலி குறையும். அப்பா வெயிலையும் தண்ணீரையும் சொல்லுவார். தீவனத்தில் என்ன இருந்தது என்று பார்க்க எங்களுக்கு வழி தெரியாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது, கட்டணம் கட்டினால் பண்ணைக்காரர்களுக்கும் சோதித்துத் தருவார்கள் என்பதே எனக்குக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று எங்கள் வகுப்பில் ஒருவரும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

உடுமலையில் மக்காச்சோள வியாபாரம் செய்யும் மாமா மூலமாக ஒரு தீவன ஆலையில் கேட்டேன். "கெமிஸ்ட்ரி படிச்சவங்கதான் வருவாங்கம்மா. சரி, ஒரு மாசம் வந்து பாரு" என்றார் ஆய்வகப் பொறுப்பாளர். மக்காச்சோள லாரி வந்ததும் குத்தூசியால் மூட்டைகளில் மாதிரி எடுக்க வேண்டும். ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டினால் கவலைதான்; பூஞ்சை வரும், அது அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கோழியின் கல்லீரலைத்தான் அது முதலில் கெடுக்கும், எதிர்ப்புச் சக்தி குறையும், எடை ஏறாது. கல்லூரியில் கண்ணாடிச் சில்லில் பார்த்த கல்லீரல் செல்களுக்கும் எங்கள் கொட்டகைக்கும் இருந்த தொடர்பு அங்கேதான் புரிந்தது. நைட்ரஜன் அளவைக் கண்டுபிடித்து 6.25ஆல் பெருக்கிப் புரதம் கணக்கிடுவது துணைப்பாட வேதியியலோடு சேர்ந்த வேலை, பழகிவிட்டது. ஒரு லாரிச் சரக்கைத் திருப்பி அனுப்பச் சொல்லும் அறிக்கையில் என் கையெழுத்து இருந்த அன்று அப்பாவுக்கு போன் செய்து சொன்னேன்.

இப்போது அங்கேயே வேலை. தொடக்கச் சம்பளம் குறைவு. வரத்து அதிகமானால் இரவிலும் இருக்க வேண்டும். எம்.எஸ்சி. உயிர்வேதியியல் சேர்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் பக்கத்துத் தீவன ஆலையில் கேட்டுப் பாருங்கள். தை, மாசியில் நம் பக்கத்து மக்காச்சோளம் அறுவடையாகி வரும். மாதிரி எடுக்க ஆள் போதாத நேரம் அது. பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தில் டைட்ரேஷன் பகுதியை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.