கதவுக்கு முட்டுக் கொடுத்த கோடாரி

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் என் மச்சானுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. போன ஐப்பசி மழையில் ஒரு வரப்பு சரிந்தது. மண்ணை அள்ளும்போது இரண்டு பொருள் கிடைத்தன. ஒன்று, பச்சை பூத்த செம்புத் தகடு. அதில் வரிசை வரிசையாகக் குமிழ்கள். இன்னொன்று கறுத்த கல். மச்சான் தகட்டைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்தார், கல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்.

தகடு ஏதோ ராஜா காலத்துக் கவசம் என்றுதான் நானும் நினைத்தேன். தோட்ட வேலையிலேயே வயதான பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது பல்பர் தகடுங்க தம்பி. பழம் உரிக்கிற மிஷின் உருளைல சுத்தியிருக்கும்." கையால் சுற்றும் பழைய பல்பரில் இந்தக் குமிழ்கள்தான் காப்பிப் பழத்தை நசுக்கிக் கொட்டையைப் பிதுக்கும். கவசம் அன்றே பீரோவை விட்டு இறங்கியது. கிளம்பும்போது வாசலில் குனிந்தவர், "இதையா கால்ல போட்டு வச்சிருக்கீங்க? நாங்க பிள்ளையார் கிட்ட வைப்போம்" என்றார்.

அப்புறம்தான் கல்லை ஒழுங்காகப் பார்த்தேன். 14 செ.மீ. நீளம். ஒரு முனை கூம்பியிருக்க, மறுமுனை அகன்று, இரு பக்கமும் சரிவாகத் தேய்ந்து ஒரே கோட்டில் சேர்ந்தது. அந்த வாய்ப் பக்கம் விரல் வழுக்கியது. கூம்பிய பக்கம் மட்டும் அம்மி கொத்தினதுபோலச் சின்னச் சின்னக் குழிகள். ஓடைக் கூழாங்கல்லும் வழவழப்பாகத்தான் இருக்கும், ஆனால் அது எல்லாப் பக்கமும் உருண்டிருக்கும். இப்படி வாய் வைத்திருக்காது.

இங்கேதான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மண் போகட்டும் என்று பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் அழுத்தித் தேய்த்துவிட்டேன். வெள்ளி நிறத்தில் கோடுகள் விழுந்தன. வெறும் தண்ணீரும் பழைய பல் பிரஷும் போதுமாம்.

சேலத்தில் தொல்லியல் படித்த நண்பர் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: புதிய கற்காலக் கோடாரி, மரப்பிடியில் செருகிப் பயன்படுத்தியது. முதலில் செதுக்கி, பிறகு கொத்தி, கடைசியில் தேய்த்து மெருகேற்றுவார்களாம். "சரி, எவ்வளவு ஆழத்தில் கிடந்தது? கூடப் பானை ஓடு இருந்ததா?" என்றார். பதில் இல்லை. மச்சான் அதற்குள் வரப்பைக் கட்டி முடித்திருந்தார். பக்கத்தில் பத்து ரூபாய்க் காசை வைத்துப் படம் எடுத்ததும், போனில் இடத்தைக் குறித்துக்கொண்டதும்தான் மிச்சம்.

இந்த மலையில் இது புதிதல்ல. 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட், ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையிலும் இத்தகைய கோடாரிகளைச் சேகரித்தவர். ஏற்காட்டில் குடியிருந்தவர். அவர் சேகரிப்பு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது.

வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா? 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கல்லுக்கு என்ன விலை என்று யார் சொல்வது? எதற்கும் எழுதிக் கொடுத்துவிடு என்றார் நண்பர். மனுவோடு போன ஓர் அலுவலகத்தில் "தங்கமா, சிலையா?" என்று கேட்டார்கள். கல் என்றதும் பேனாவை மூடிவிட்டார்கள். மூன்றாவது முறை போனபோதுதான் ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. கல் இப்போது பஞ்சு வைத்த டப்பாவில் இருக்கிறது, வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

போன மாதம் பெரியவர் தன் ஊர்ப் பிள்ளையாரிடம் கூட்டிப்போனார். மரத்தடியில் எண்ணெய் குடித்துக் கறுத்த மூன்று கற்கள், நெற்றியில் குங்குமம். ஒன்றைத் தொட்டுப் பார்க்க அனுமதித்தார். என் கல்லைவிடக் கூர்மையான வாய். கம்பி நார்க் கீறல் ஒன்றுகூட இல்லை.