பெரியகருப்பனா, சின்னக்கருப்பனா? கொள்ளுத்தாத்தாவையும் அவர் தம்பியையும் பிரித்தெடுத்த பாடு

கொள்ளுத்தாத்தாவின் பழைய நிலப் பத்திரத்தைத் தேடிச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மூன்று நடை. முதல் இரண்டும் தண்டம்.

இணையத்தில் வில்லங்கம் (ஒரு நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) 1975-இலிருந்துதான் கிடைத்தது. அதற்கு முந்தையதைக் கையால் தேட மனுப் போட்டு, பெயரும் தகப்பன் பெயரும் கொடுத்தோம். வந்த நகல் தம்பியுடையது. அண்ணன் தம்பிக்குத் தகப்பன் ஒருவர், இனிஷியல் ஒன்று, ஊர் ஒன்று. இவை மூன்றும் ஆளைப் பிரிக்கவே உதவாது. பெரியகருப்பன், சின்னக்கருப்பன் மாதிரிச் சோடிப் பெயர் என்றால் இன்னும் மோசம். எழுதியவர் முன்னொட்டை விட்டுவிட்டால் இருவரும் வெறும் கருப்பன்.

இரண்டாம் நடை சர்வே எண்ணால் கெட்டது. கையிலிருந்த பட்டாவில் கண்ட சர்வே எண்ணைக் கொடுத்தோம். ‘அப்படி எதுவும் இல்லை’ என்று மனுவைத் திருப்பினார்கள். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும்) வேலைக்கு முந்தைய பத்திரங்களில் இருப்பது பழைய எண், பழைய உட்பிரிவு. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் (ஊர் நிலங்களின் சர்வே எண்வாரிப் பதிவேடு) பழைய எண்ணுக்கென்றே ஒரு பத்தி உண்டு. அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளாமல் மனு எழுதாதீர்கள். குறித்துக்கொண்டு போன மூன்றாம் நடையில் பாகப்பிரிவினைப் பத்திரமே கிடைத்தது.

அதையும் பதற்றமில்லாமல் படிக்க வேண்டும். ‘ஜேஷ்ட குமாரர்’ என்றால் மூத்தவர், ‘கனிஷ்ட’ என்றால் இளையவர். ௸ என்ற குறி ‘மேற்படி’. இரண்டு பெயர் அடுத்தடுத்து வந்த பிறகு ‘௸யார்’ என்றால் எவர் என்பதை வாக்கியம் முழுக்கப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நாங்கள் ஒருமுறை தப்பாகவே எடுத்துக்கொண்டோம். பசலி (வருவாய்க் கணக்கு) ஆண்டோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு, ஆனால் பசலி பிறப்பது ஜூலை 1-இல்: பசலி 1330 என்பது 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை. தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் இன்னும் கவனம். குரோதன என்றால் 1865-ஆகவும் இருக்கும், 1925-ஆகவும் இருக்கும்.

ஆளைக் காட்டிக்கொடுத்தது நான்கு மால், அதாவது பத்திரத்தில் எழுதும் நான்கு பக்க எல்லை. ‘இதற்கு வடக்கு கருப்பன் நிலம்’ என்று விற்பவரின் பெயரே எல்லையிலும் வந்தால், எல்லைக்காரர் பெரும்பாலும் பங்கு பிரிந்த சகோதரர். பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் உண்டு: எழுத்தர்கள் தாய்ப் பத்திரத்து (அந்த நிலத்தின் முந்தைய பத்திரத்து) எல்லையை அப்படியே படியெடுப்பார்கள், செத்துப் பல வருஷமானவரும் பக்கத்து நிலக்காரராக நிற்பார். ஒரே பத்திரத்தை நம்பாமல், வெவ்வேறு வருஷத்துப் பத்திரங்கள் இரண்டையாவது ஒத்துப் பாருங்கள்.

அடுத்தது கையெழுத்தா, கைநாட்டா என்பது. ஒருவர் தெளிவாகக் கையெழுத்துப் போட்டவர், மற்றவர் கடைசிவரை ரேகைதான். முதுமையில் கை நடுங்கி ரேகைக்கு மாறியவரும் உண்டு என்பதால் பத்திரத்திலுள்ள வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிறப்புப் பதிவேட்டுக்காக அலைந்தது வீண். பழைய பதிவுகளில் பல, குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே எழுதியவை. ‘ஆண், தகப்பன் இன்னார்’, அவ்வளவுதான். இரண்டு வரி கிடைத்தும் எது அண்ணன் எது தம்பி என்று தெரியவில்லை. அதைவிட வீட்டுப் பெண்களிடம் கேட்ட கேள்வி பலித்தது: யாருக்கு எந்தத் திதியில் திவசம், யார் பெண்டாட்டி எந்த ஊர்க்காரி? அண்ணன் தம்பிக்குப் பொதுவாக இல்லாதவை இவைதானே!

இன்னும் ஒன்று. அண்ணன் மகனுக்கும் தம்பி மகனுக்கும் ஒரே தாத்தா பெயரை வைத்திருப்பார்கள். தகப்பன் வேறு என்பதால் அங்கே மட்டும் இனிஷியல் கை கொடுக்கும். ஒரே மகன் ஒரு பத்திரத்தில் அண்ணன் பிள்ளையாகவும் இன்னொன்றில் தம்பி பிள்ளையாகவும் வந்தால் உடனே எழுத்துப் பிழை என்று அடித்துவிடாதீர்கள். பிள்ளையில்லாத வீட்டுக்குச் சுவீகாரம் (தத்து) போனவராக இருக்கலாம். ‘சுவீகார புத்திரர்’ என்ற சொல்லைப் பத்திரத்தின் முதல் பக்கத்திலேயே தேடுங்கள்.