ஆர் வரைபடம்: பிக்சலை விடுங்கள், அங்குலத்தைப் பிடியுங்கள்

ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியை எழுத உதவும் ஆர்ஸ்டூடியோவின் திரையில் கச்சிதமாக இருக்கும் வரைபடம், வேர்டில் ஒட்டியதும் கண்ணுக்கே எட்டாத எழுத்தாகச் சுருங்கிவிடும். பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அகலத்தைப் பிக்சலில் சொல்லிவிட்டு, அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதைச் சொல்லாமல் விடுவது.

ஆரில் படத்தைக் கோப்பாக எழுதும் பகுதிக்குச் 'சாதனம்' என்று பெயர். பிஎன்ஜி சாதனத்துக்கு 'ரெஸ்' (res, அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) மதிப்பு தராவிட்டால் 72 என்று வைத்துக்கொள்ளும். 2000 பிக்சல் அகலம் கேட்டால், அதன் கணக்கில் படம் ஏறத்தாழ 27.8 அங்குலம். எழுத்தின் அளவோ பாயிண்டில், அதாவது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கில், இருக்கிறது. ஆரின் வரைபடத் தொகுப்பான ஜிஜிபிளாட்டில் (ggplot2) இயல்பாக 11 பாயிண்ட். ஏ4 தாளில் இருபுறமும் 2.5 செ.மீ. ஓரம் போக மிஞ்சும் 16 செ.மீ.க்குள் படத்தைச் சுருக்கினால் அந்த 11 பாயிண்ட் 2.5 ஆகிவிடும். யார் படிப்பது?

படம் உட்காரப்போகும் இடத்தின் அளவையே, ஜிஜிபிளாட் படத்தைச் சேமிக்கும் கட்டளையான ஜிஜிசேவுக்குக் (ggsave) கொடுங்கள்: அகலம் 16, உயரம் 10, அலகு செ.மீ., டிபிஐ (அங்குலத்துக்குப் பிக்சல்) 300. கிடைப்பது சுமார் 1890 × 1181 பிக்சல். ஒட்டிய பிறகு மூலையைப் பிடித்து இழுக்காதீர்கள். அளவே சொல்லாவிட்டால், ஆர்ஸ்டூடியோவில் படம் தெரியும் பிளாட் பலகம் அப்போது எந்த அளவில் திறந்திருக்கிறதோ அதையே ஜிஜிசேவ் எடுத்துக்கொள்ளும். ஒரே ஸ்கிரிப்ட் இரண்டு மடிக்கணினியில் இரண்டு விதமான படம் தருவது இதனால்தான்.

பவர்பாயிண்டுக்கு எழுத்து பெரிதாக வேண்டுமா? ராக் (ragg) என்ற தொகுப்பின் சாதனத்தில் 'ஸ்கேலிங்' 1.5 கொடுத்தால் எழுத்து, கோடு, புள்ளி எல்லாம் சேர்ந்தே வளரும். ஜிஜிசேவின் 'ஸ்கேல்' இதற்கு நேர்மாறு; படப்பரப்பைப் பெருக்கி எழுத்தைச் சிறிதாகக் காட்டும். இந்தப் பெயர்க் குழப்பத்தை யாரும் திருத்தப்போவதாகத் தெரியவில்லை.

நமக்குப் பெரிய தலைவலி தமிழ்தான். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் மறுவிற்பனை விலைகளை வரைந்து தெம்பனிஸ், ஈசூன் என்று வட்டாரங்களின் பெயரிட்டால், சாதாரண பிடிஎஃப் சாதனத்தில் எழுத்துகள் போய் வெறும் புள்ளிகள்தான் மிஞ்சும்; அதன் இயல்பு எழுத்துருவான ஹெல்வெட்டிகாவில் தமிழே கிடையாது. எழுத்துரு இருந்தாலும் போதாது. 'தெ'யின் கொம்பைத் 'த'வுக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கும் வேலையையும் சாதனம் செய்ய வேண்டும். பிஎன்ஜிக்கு ராக் வைத்துக்கொண்டால் அது நடக்கும்; பிடிஎஃப்புக்குக் கெய்ரோ பிடிஎஃப் (cairo_pdf) சாதனத்தை முயன்று, கொம்பு சரியான இடத்தில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்துருவைச் சொல்லாமல் விட்டால் விண்டோஸ் ஒன்றையும் மேக் வேறொன்றையும் தேர்ந்தெடுக்கும். எழுத்தின் அகலம் மாறும். அச்சுப் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். எல்லாக் கணினியிலும் நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவி, படத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமில் (theme) அந்தப் பெயரையே எழுதிவிடுங்கள். மேக்கில் கெய்ரோ பிடிஎஃப் ஓட எக்ஸ்குவார்ட்ஸ் (XQuartz) என்ற மென்பொருளும் வேண்டும்.