தங்கச்சி கல்யாணப் பத்திரிகையும் ஒரு மயிரிழையும்

போன தையில் தங்கச்சிக்குக் கல்யாணம். எங்கள் வீட்டில் பத்திரிகை என்றால் இரண்டு மொழி. பெரியப்பா சொல்தா, பாண்டிச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். அவர் பிள்ளைகள் பாரீஸ் பக்கம் இருக்கிறார்கள். அதனால் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் பிரெஞ்சு. "வோக் ஃபேஷன் இதழ் அட்டையில் இருக்குமே, அந்த எழுத்துதான் வேணும்" என்று தங்கச்சி சொல்லிவிட்டாள். மடிக்கணினி வைத்திருப்பவன் நான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

அந்த எழுத்துக்கு டிடோ என்று பெயர். பாரீஸில் அச்சுத்தொழில் செய்த குடும்பத்தில் ஃபிர்மேன் டிடோ 1780களில் வெட்டியது. அதே காலத்தில் இத்தாலியில், பார்மாவில் போடோனி செய்த எழுத்து இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. இரண்டிலும் தடித்த கோடு தூண் மாதிரி நிற்கும், மெல்லிய கோடு மயிரிழை. நடுவாந்தரம் என்ற பேச்சே கிடையாது. கூகுள் ஃபாண்ட்ஸ் என்ற எழுத்துருத் தளத்தில் போடோனியின் கணினி வடிவம், போடோனி மோடா, இலவசமாகக் கிடைத்தது. கண்ணில் பட்ட ஒரு கோப்பை மட்டும் இறக்கிக்கொண்டேன். பெயர் முதல் முகவரி வரை எல்லாவற்றுக்கும் அதையே போட்டேன். திரையில் அவ்வளவு அழகு.

காந்தி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு அச்சகம். அங்கே இருந்த கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருள் பழையது. என் யூனிகோட் தமிழை ஒட்டியதும் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்து, எழுத்தையெல்லாம் கோடாக மாற்றி பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தேன். அது ஒரு நாள் வேலை, விடுங்கள்.

உண்மையான கூத்து புரூஃபில், அதாவது மாதிரி அச்சில்தான். அத்தை ஆசைப்பட்டார் என்று பூவிதழ் பதித்த ஹேண்ட்மேட் பேப்பர் வாங்கியிருந்தோம். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. அரக்கு நிறத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங், வலை வழியாக மையைத் தள்ளி அடிப்பது. தங்கச்சி பெயர் நளினி. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் போட்டிருந்தேன். இந்த வகை எழுத்தில் 'என்' (N) என்பதன் இரண்டு செங்குத்துக் கோடும் மயிரிழை, நடுவில் சாயும் கோடுதான் தடிப்பு. சொரசொரப்பான தாளில் மயிரிழை இரண்டும் பல இடத்தில் விட்டுப்போய், ஒரு சாய்ந்த கட்டை மட்டும் நின்றது. 'ஏ' (A) எழுத்துக்கு இடது கால் இல்லை. கீழே 9 பாயிண்ட் பொடி எழுத்தில் இருந்த மண்டப முகவரியைப் பார்த்தால் வரிசையாக நட்டுவைத்த குச்சிகள்.

"அவுட்லைன் போட்டுக் கனமாக்கிடலாம் தம்பி" என்றார் அச்சக அண்ணன். போட்டுப் பார்த்தோம். மயிரிழை வந்தது, ஆனால் தூணும் சேர்ந்து கொழுத்துவிட்டது. சிறிய எழுத்துகளின் வயிறு அடைத்துக்கொண்டது, பிரெஞ்சு 'é' மேல் இருக்கும் சாய்கோடு எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. பெரியப்பா பார்த்தால் அதற்கே சண்டைக்கு வருவார்.

அன்று இரவு உட்கார்ந்து தேடியபோதுதான் காரணம் புரிந்தது. ஈய அச்சுக் காலத்தில் ஒவ்வொரு அளவுக்கும் எழுத்தைத் தனியாக வெட்டியிருக்கிறார்கள். சிறிய அளவு என்றால் மயிரிழையைக் கொஞ்சம் தடிப்பாக்கி, எழுத்துக்கு நடுவே கொஞ்சம் காற்று விட்டு. நாம் கணினியில் ஒரே வடிவத்தைச் சுருக்குகிறோம். 36 பாயிண்டில் இருக்கும் கோடு 9 பாயிண்டில் நாலில் ஒரு பங்காகிவிடும். ஸ்கிரீன் வலையில் அது எங்கே நிற்கும்? போடோனி மோடாவை உருவாக்கியவர்கள் இதை யோசித்து, 6 பாயிண்ட் முதல் 96 பாயிண்ட் வரை அளவுக்குத் தக்கபடி மாறும் வடிவங்கள் வைத்திருக்கிறார்கள். நான் இறக்கியது பெரிய அளவுக்கானது. என் தப்புதான்.

தாளும் ஒரு காரணம். போடோனிக்கு முன்னோடியான இங்கிலாந்தின் பாஸ்கர்வில், அச்சடித்த தாளைச் சூடான செப்புத் தகடுகளுக்கு நடுவே அழுத்தி வழவழப்பாக்குவாராம். நாங்கள் பூவிதழ் மேல் அடித்துக்கொண்டிருந்தோம்! அத்தையிடம் பேசி, அந்தப் பேப்பரை உறைக்கு மாற்றினோம். பத்திரிகைக்கு வழவழப்பான கெட்டி அட்டை (300 ஜிஎஸ்எம்), ஸ்கிரீனுக்குப் பதில் ஆஃப்செட் அச்சு. பெயர்கள் மட்டும் பெரிய அளவு வடிவத்தில், தேதியும் முகவரியும் சிறிய அளவு வடிவத்தில். அரக்குப் பின்னணியில் வெள்ளை எழுத்து வேண்டும் என்று தங்கச்சி கேட்டதற்கு மட்டும் முடியாது என்றேன். சுற்றியிருக்கும் மை பரவி மயிரிழையை விழுங்கிவிடும்.

தமிழ்ப் பக்கத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துரு. டிடோ மாதிரியே தமிழையும் இழைக்கலாமே என்று ஒரு நண்பன் கேட்டான். ஓலையில் எழுத்தாணி கீறி வளர்ந்த எழுத்து நம்முடையது; அதற்குத் தூணும் மயிரிழையும் மாட்டிவிட்டால் 'ணை' படும் பாட்டைப் பார்க்க முடியாது. அளவான தடிப்பு-மெலிவே போதும்.

இரண்டாவது புரூஃபை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 'என்'னுக்கு இரண்டு காலும் இருந்தன. பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி இல்லாமலே பிரெஞ்சில் முகவரியைக் கடகடவென்று படித்துவிட்டு மடித்து வைத்தார். மேலே பெயரைப் பார்த்தீர்களா பெரியப்பா என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியும்டா" என்றார்.